காற்று நின்ற மத்தியானம்

கரீபியன் கடலில் ஒரு பாய்மரப் படகு, அதில் மூன்று சிநேகிதர்கள். நண்டு சுக்கான் பிடிக்கும், ஆடு பாயை ஏற்றி இறக்கும், கூழைக்கடா பாய்மர உச்சியில் உட்கார்ந்து காற்று கிளம்பியதும் குரல் கொடுக்கும். ஏழு நாளில் ஆறு தீவு பார்த்தாயிற்று. எந்தத் தீவில் இறங்கினாலும் நண்டுக்கு அடுத்த தீவுப் பேச்சுதான். ஒரு தேங்காயை முழுசாகத் தின்ன விடாது.

ஏழாவது தீவுக்குப் போகிற வழியில் காற்று நின்றுபோனது. நண்டு கொஞ்ச நேரம் புலம்பித் தீர்த்தது. பாயை இறக்கிப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்த ஆடு, தன் கல்யாணத்தில் மணப்பெண்ணின் மாலையைத் தின்றுவிட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தது. நண்டு சுக்கானை விட்டுவிட்டுக் கிட்டே வந்து, கொடுக்கைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அது சிரித்துக் கூழைக்கடா பார்த்ததே இல்லை.

அப்போது கூழைக்கடாவின் மார்பு இறகு லேசாக அசைந்தது.

"என்னப்பா, காத்து வருதா?" என்றது நண்டு.

கூழைக்கடா இறகை அலகால் அமுக்கிக்கொண்டது. "இன்னும் இல்லப்பா. ஆட்டண்ணே, அப்புறம் மாமியார் என்ன சொன்னாங்க?"

ஆடு ஒரு தடவை அண்ணாந்து பார்த்தது. படபடக்கத் தொடங்கியிருந்த பாயின் நுனியை முன்னங்காலால் மிதித்துக்கொண்டு, மாமியார் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தது.