எந்தப் பாம்பு

தங்கதுரை யூரியா சாக்கை ஆஸ்பத்திரித் தரையில் கவிழ்த்தார். முழ நீளத்துக்குச் செத்த பாம்பு ஒன்று பொத்தென்று விழுந்தது.

"சார், நீங்க விலங்கியல் வாத்தியார்தானே? பாத்துச் சொல்லுங்க" என்றார் டாக்டர். "மருந்து ஒரு ஆளுக்குத்தான் இருக்கு."

ஓரக் கட்டிலில் ஜெபீனா கிடந்தாள். எட்டு வயது. எனக்கு இருக்கிற ஒரே பிள்ளை.

விடியற்காலையில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தவளின் சுண்டுவிரலை ஏதோ கடித்திருந்தது. வலி இல்லை, வீக்கம் இல்லை. "கோடு கோடா இருந்துச்சு அத்தா" என்று மட்டும் சொன்னாள். சத்தம் கேட்டுத் தடியோடு ஓடிவந்தார் பக்கத்து வீட்டுத் தங்கதுரை. அது பதுங்கிய மூலையைக் காட்டிவிட்டு, பிள்ளையைச் சைக்கிளில் வைத்து உள்ளூர் ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன்.

எண்பத்தேழு செப்டம்பர், இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலின் மூன்றாம் நாள். கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகிற சாலை நெடுகப் புளியமரங்கள் வெட்டிப் போடப்பட்டிருந்தன. பஸ் இல்லை. மருந்து வண்டியும் வரவில்லை. எலவனாசூர்கோட்டையில் தாய்வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி ஷர்புன்னிசாவுக்கு இன்னும் விஷயமே தெரியாது.

அடுத்த கட்டிலில் கரும்பு வெட்டுகிற கொளஞ்சியப்பன். கண்ணாடி விரியன் கடித்துத் தொடைவரை வீங்கியிருந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. அவர் மனைவி பூமாலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் யாராவது 'பாம்பு' என்று மொட்டையாகச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். எந்தப் பாம்பு? பெயரைச் சொல்லித் தொலை! ஒரு நொதி அதற்கு உரிய பொருளைத்தான் தொடும், ஒரு சாவி அதன் பூட்டைத்தான் திறக்கும் என்று பதினைந்து வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். விஷமுறிவு மருந்தும் அப்படித்தான். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்று நாலே நாலு பாம்புக்குத்தான் கேட்கும்.

ஜெபீனாவின் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து இருபது நிமிஷம் வைத்திருந்தார் டாக்டர். உறைந்துவிட்டது. கண்ணாடி விரியன் இல்லை என்று மட்டும்தான் அந்தச் சோதனை சொல்லும். கட்டுவிரியனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

"கட்டுவிரியன்னா பாப்பாவுக்குத்தான் மொதல்ல போடணும். வீக்கம் காட்டாது, கண் இமை தொங்கும், அப்புறம் மூச்சே நின்னுடும்" என்றார் டாக்டர். "பிரிச்சிப் போட்டா ரெண்டு பேருக்குமே பத்தாது."

மண்டிபோட்டு உட்கார்ந்தேன்.

கட்டுவிரியன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மருந்து முழுவதும் என் பிள்ளைக்கு. வாத்தியார் சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

பூமாலை இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பாம்பை நிமிர்த்தி முதுகைத் தடவினேன். கட்டுவிரியனுக்கு நடுமுதுகில் பெரிய பெரிய அறுகோணச் செதில்கள் ஓடும். இதற்கு இல்லை. பட்டைகள் கழுத்தருகே அழுத்தமாகத் தொடங்கி வாலுக்குப் போகப் போக மங்கின. கட்டுவிரியனில் இது தலைகீழ். எதற்கும் இன்னொரு தடவை பார்த்தேன். சந்தேகமே இல்லை.

"கட்டுவிரியன் இல்லைங்க. வெள்ளிக்கோல் வரையன். விஷம் கிடையாது."

டாக்டரும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். பூமாலை என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அல்லாஹ் காப்பாற்றினான், பிள்ளை பிழைத்தாள். பொய் சொல்லாமல் பிழைத்தாள் என்பதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது, மறைப்பானேன்.

கொளஞ்சியப்பனுக்கு மருந்து ஏறத் தொடங்கியது. கடைசிக் குப்பியையும் உடைத்து முடித்து, காலிக் குப்பிகளை நர்ஸம்மா தட்டில் போட்டார்.

அப்புறம்தான் தங்கதுரையின் நினைப்பு வந்தது. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து கால் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். நீங்கள் மட்டும் அதை அடித்துக் கொண்டுவரவில்லை என்றால் என் கதி என்ன ஆகியிருக்கும் என்றேன்.

அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

"இன்னா சார் இது, பெரிய வார்த்தைலாம் சொல்லிக்கினு. கடிச்சது எங்க மாட்டுச்சி? செவுத்துப் பொந்துல பூந்துக்கிச்சி. பாம்பக் காட்டலன்னா ஊசி போடமாட்டாங்களே! அதான் அதே மாரி கோடு போட்டது ஒன்னு வெறவு அடியில இருந்திச்சி, அத்த அடிச்சி எடுத்தாந்தன். பாப்பாவுக்கு ஊசி போட்டாச்சி இல்ல?"

உள்ளே ஓடினேன்.

ஜெபீனா விழித்துத்தான் இருந்தாள். கண்ணைத் திறக்கப் பார்த்தாள், இமைகள் பாதிக்கு மேல் ஏறவில்லை.

"அத்தா" என்றாள் குழறலாக. "ஏன் ரெண்டு பேரா நிக்கிறீங்க?"