கடல் கொண்ட சைலஸ் பெல்லமி

என் தாத்தாவின் மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

வெண்டெல் விரலை எச்சிலில் நனைத்து அதை மறுபடி ஒட்டிக்கொண்டார். பார்வையாளர்கள் அத்தனை பேருக்கும் முன்னால்.

வெண்டெல் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். சனிக்கிழமைகளில் இந்தப் பூங்காவில் என் தாத்தா சைலஸ் பெல்லமியாக நடிக்கிறார். சம்பளம் கிடையாது. திறமையும் கிடையாது.

இந்தப் படகுத்துறையும் அதன் பின்னால் இருக்கும் வீடும் ஒரு காலத்தில் எங்களுடையவை. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் சிப்பி எடுத்துத் தலைநிமிர்ந்த குடும்பம் எங்களுடையது. இரண்டையும் பூங்காவுக்காக மாவட்டத்துக்கு எழுதிக் கொடுத்தபோது என் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். துறையின் முனையில், கடல் கொண்டவர்களுக்கான நினைவுக்கல்லில், தாத்தாவின் பெயர் என்றைக்கும் இருக்க வேண்டும்.

மாவட்டம் சொன்னபடி கல்லை வைத்தது. கூடவே வெண்டெலையும் வைத்தது.

"நவம்பர் மாசப் புயல். நான் தனியா படகை எடுத்துட்டுப் போனேன்," என்று அவர் குரலை நடுங்கவிட்டார். சிப்பி வாரும் நீண்ட இடுக்கியைத் தலைகீழாக, கொடிக்கம்பம் போலப் பிடித்திருந்தார்.

"வாய்ப்பக்கம் கீழே இருக்கணும், வெண்டெல்," என்றேன். "அதை வச்சு ஆகாயத்துலயா சிப்பி எடுப்பீங்க?"

கூட்டம் சிரித்தது. வெண்டெல் சிரிக்கவில்லை.

"மிஸ்டர் பெல்லமி, போன வாரம் பூட்ஸ் தப்புன்னீங்க. அதுக்கு முந்தின வாரம் கோட்டு. செத்தவரே என்னை ஒண்ணும் சொல்லல. நீங்க விடமாட்டேங்கறீங்களே."

விட முடியாது. இந்தக் கரையில் கடலில் உயிர்விட்டவனின் வீட்டுக்கு ஒரு மரியாதை உண்டு. தேவாலயத்தில் முன்வரிசை உண்டு. அதை மூன்று தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறோம். ஒட்டுமீசைக்காரர் ஒருவர் அதைக் கேலிக்கூத்தாக்குவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

அப்போதுதான் கூட்டத்தின் பின்னால் நின்ற ஒருவர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தாத்தாவின் படத்தை நெருங்கினார். என் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"எங்க தாத்தாவை அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கு," என்றார். "நார்ஃபோக்ல மீன்கடை வச்சிருந்தாரு. பேரு வேற. எந்த ஊர்லேருந்து வந்தாருன்னு கடைசி வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

"அந்தக் காலத்துல எல்லாரும் இதே மீசைதான் வச்சிருந்தாங்க, சார்," என்றேன்.

"அதுவும் சரிதான்." அவர் தலையாட்டினார். பிறகு வெண்டெலைப் பார்த்துக் கேட்டார்: "இவரோட உடம்பு கிடைச்சுதா?"

வெண்டெலுக்கு அதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது.

"இல்லை," என்றேன். "எவ்வளவோ தேடினாங்க."

கேட்டவர் "ஐயோ பாவம்" என்றார். மனதார.

பிறகு துறையின் முனைவரை நடந்துபோனார். கல்லின் முன் நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். காற்றில் அவருடைய நரைமுடி கலைந்தது. அவர் நகரவேயில்லை.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பா என்னை நார்ஃபோக்குக்கு அழைத்துப்போய், ஒரு கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே நிறுத்தினார். உள்ளே வேறு யாரோ ஒருவருடைய பெயர் பொறித்த ஒரு கல்லைக் காட்டி, "தாத்தா," என்றார்.

நான் தொப்பியைக் கழற்றப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.