வெட்டி எடுத்த சிரிப்பு

பள்ளி நூலகத்தின் ஜன்னல் வெயில் மேசையில் பாதிவரை வந்து நிற்கிறது. இறந்துபோன மாணவியின் அம்மா ஹெட்போனை இரு கைகளாலும் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். மகள் வகுப்புக்காகப் பேசிய பாட்காஸ்ட் ஓடுகிறது. "எறும்புக்கு ஞாயித்துக்கிழமைகூட லீவு கிடையாது, பாவம்" என்கிறது குரல். அம்மா நிமிர்கிறாள். "இந்த இடத்துல அடக்க முடியாம சிரிச்சேன்னு சொன்னாளே? சிரிப்பைக் காணோமே?" பக்கத்தில் நிற்கும் மகளின் தோழி கண்ணைத் தாழ்த்துகிறாள். "பிசிறில்லாம வரணும்னு சிரிப்பு, மூச்சு வாங்குறது எல்லாத்தையும் நான்தான் வெட்டினேன் ஆன்ட்டி." "வெட்டினதை எங்கேம்மா வெச்சிருக்கே?" தோழி நூலகரைப் பார்க்கிறாள். கணினியில் இடம் போதாமல் பழைய பதிவுகளை அழித்தவர் அவர். ஹெட்போனின் வயரை நீவிக்கொண்டே நிற்கிறார். "சரி, முதல்லேருந்து போடுங்க" என்கிறாள் அம்மா. மகள் எங்கும் தடுமாறாமல், நடுவில் மூச்சே வாங்காமல், பேசிக்கொண்டே போகிறாள்.