பொரித்த மீனுக்கு ஓர் ஆணி

வெள்ளவத்தைத் தண்டவாளத்தில் உச்சி வெயில் கண்ணைக் கூசுகிறது. இங்கே ரயிலில் அடிபட்டுச் செத்த பெடியன் பொரியல் வாசத்துக்கு வருவானாம். அவனை அண்டவிடாமல் சாப்பாட்டுப் பார்சலில் இரும்பாணி ஒன்று வைப்பது எங்கள் வழக்கம். மாவீரனாகிய நான் இரண்டு வைத்திருக்கிறேன். முன்னே நடந்த எதிர்வீட்டு மங்களா அக்கா குனிந்து, தன் பார்சலைப் பிரித்து, ஆணியை எடுத்துத் தூர எறிகிறார். "ஐயோ அக்கா, அவன் வரப்போறான்!" "வரட்டுமே. பசிச்சு வாறவனுக்கு ஆணியைக் காட்டுறதோ?" இருக்கும் இரண்டு மீன்துண்டுகளில் பெரியதை வாழையிலைக் கீற்றில் எடுத்துக் கல்லின்மேல் வைக்கிறார். கடற்காற்றில் பொரியல் வாசம் பரவுகிறது. எனக்கு ஓடவும் கால் வரவில்லை, அவரிடமிருந்து கண்ணெடுக்கவும் மனம் வரவில்லை. ஆளில்லாத தண்டவாளத்தைப் பார்த்து அக்கா சொல்கிறார்: "தம்பி, முள்ளுப் பார்த்துச் சாப்பிடு."