டீ ஆறும் நேரம்

நிரலில் ஒரு வரியை மாற்றினால்கூட, சாருலதா வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அந்த வலைத்தளம் முழுவதும் புதிதாகத் தயாராகித் திறக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகும். அப்போதுதான் அவள் நாற்காலியைத் திருப்புவாள். எதிரே மோடாவில் அவள் கணவன் இளம்பரிதி உட்கார்ந்திருப்பான். அவனுக்குப் பேச்சு சட்டென்று வராது. டம்ளரைச் சுற்றுவான், ஜன்னலைப் பார்ப்பான், பிறகுதான் முதல் வார்த்தை. அவள் வேலை காத்திருக்கிறதென்றால் அதுவும் வராது. பெண் பார்க்க வந்த அன்று ஏன் அப்படி வியர்த்தது என்பதைக்கூட இந்தக் காத்திருப்பு ஒன்றில்தான் சொன்னான்.

இந்தத் தாமதத்தைக் குறைக்கும் வேலையை அலுவலகத்தில் அவளிடமே கொடுத்தார்கள். மாறாத பகுதிகளும் ஒவ்வொரு முறையும் மறுபடி உருவாவதைக் கண்டுபிடித்து நிறுத்தினாள். இப்போது விசையிலிருந்து விரலை எடுப்பதற்குள் பக்கம் திறந்துவிடுகிறது.

இன்று மத்தியானம் இளம்பரிதி தன் ஸ்கேன் ரிசல்ட் வாங்கிக்கொண்டு தனியாக வந்தான். டீ போட்டு அவளுக்கும் ஒன்று கொடுத்துவிட்டு மோடாவில் உட்கார்ந்தான்.

"என்னப்பா சொன்னாங்க?"

டம்ளரைச் சுற்ற ஆரம்பித்தவன் திரையைப் பார்த்தான். "உனக்குப் பக்கம் வந்துருச்சு போல. வேலைய முடி, அப்புறம் சொல்றேன்."

"இல்லப்பா, இன்னொரு தடவை ஓடவிடணும். லேட்டாகும். நீ சொல்லு."

சரியாக இருந்த வரியில் ஓர் எழுத்தை அழித்து ஓடவிட்டாள். எங்காவது தடுமாறி நிற்கட்டும்.

பிழைச் செய்தியும் அந்த நொடியிலேயே திரையில் சிவப்பாக வந்து நின்றது.

"பாரு, கூப்பிடுது," என்று இளம்பரிதி டம்ளரோடு எழுந்தான்.