பின்பக்க மாடிப்படி

அவள் வரைபடத்தை மேசைமேல் விரித்தாள்.

சுருண்டுகொள்ளப் பார்த்த ஓரங்களில் மைக்கூட்டையும் ஒரு தடிப்புத்தகத்தையும் தூக்கி வைத்தாள்.

வீடு கட்டும் சங்கத்து உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தபடியே குனிந்தார்கள். ஒருவர் மட்டும் கதவோரத்தில் நின்றார்.

மூன்று மாடி. பன்னிரண்டு வீடு. கட்டடம் எல்லோருக்கும் பொது. பட்டணத்துக்கு அது புதுச் சங்கதி. முன்பின் தெரியாதவன் தலைக்குமேல் நடக்க, கீழே எப்படிச் சோறு இறங்கும் என்று ஊரே கேலி செய்தது.

பெரிய கட்டடம் என்றால் அவள் வேலை பார்க்கும் இந்தக் கம்பெனிதான் என்று பேர். போன நூற்றாண்டில் இரண்டு துரைமார் தொடங்கியது. இருவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. வாசலில் அவர்கள் பெயர் போட்ட பித்தளைப் பலகையைத் தினமும் தேய்க்கிறார்கள்.

உள்ளே வரைபட மேசையில் இருக்கும் ஒரே பெண் அவள்.

செயலாளர் சபாபதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேடினார். இரண்டாவது மாடி. பின்பக்கம். கடைசி வீடு.

அந்த வீட்டுக்கு மட்டும் வாசல் பொது மாடிப்படிக்குத் திறக்கவில்லை. கொல்லைப்புறத்திலிருந்து ஏறி வரும் இரும்புச் சுழல்படியில் திறந்தது.

பழைய பங்களாக்களில் கக்கூஸ் அள்ள வருகிறவர்கள் ஏறிப்போக வைத்த படி அது. இப்போது குழாயும் தொட்டியும் வந்துவிட்டன. அந்தப் படிக்கு இனி வேலையே இல்லை.

சபாபதி அதற்கு வேலை கண்டுபிடித்திருந்தார்.

போன வாரம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். உறுப்பினர்களில் ஒருவர் முனிரத்தினம். கார்ப்பரேஷன் பள்ளி ஆசிரியர். நல்ல மனிதர்தான், ஆனால் வருவது சேரியிலிருந்து. தீண்டாமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது, சேர்க்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. அதனால் அவருக்குத் தனியாக ஒரு படி இருந்தால் போதும் என்றார். கடைசி வீட்டில் அவர் பெயரை இப்போதே எழுதிவிடவும் சொன்னார்.

கம்பெனி முதலாளி அவளைக் கூப்பிட்டார். "கேட்டதப் போட்டுக் குடும்மா. முடியலன்னா சொல்லிடு, வேற ஆளு பாத்துக்கறேன்."

வேறு ஆள் என்றால் வாயைத் திறக்காமல் போட்டுக் கொடுத்திருப்பான்.

அதனால் அவளே போட்டாள். போடும்போது கூசியது. அந்தச் சுழல்படியின் ஒவ்வொரு வளைவுக்கும் கூசியது. ஆனாலும் கோடு பிசகவில்லை.

பெயரை மட்டும் எழுதவில்லை.

"பேஷ்," என்றார் சபாபதி. "காத்தோட்டமா வந்திருக்கு."

அவள் ஒரு பித்தளைச் செம்பை எடுத்து மேசையின் நடுவில் வைத்தாள். உள்ளே மடித்துப் போட்ட சீட்டுகள்.

கிழக்குப் பார்த்த வீட்டை ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பிடித்துவிடுவார்களோ என்று பயந்து, சங்கம் தொடங்கிய அன்றே அவர்களாகப் போட்ட விதி அது. எந்த வீடு யாருக்கு என்பது குலுக்கலில்தான்.

"கடைசி வீடு இதுல கிடையாதேம்மா," என்றார் சபாபதி.

"எல்லா வீடும்னுதான் சார் விதியில இருக்கு. நீங்க எழுதினதுதான்."

சபாபதி ஓரமாக நின்ற முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஜன்னலைப் பார்த்தார். நாளைக்கு இந்த நாற்காலி தனக்கு இல்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தெரிந்தால் என்ன? செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள்.

சபாபதியின் கை செம்பு வாய்வரை போனது. உள்ளே போகவில்லை. அந்தச் சுழல்படியில் அவரே ஏறுவதை, அவர் சம்பந்தி ஏறுவதை, மடிசார் கட்டிய மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஏறுவதை அவர் பார்த்துவிட்டார் போலிருந்தது. மற்றவர்களும் பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் செம்பைத் தொடவில்லை.

இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால், அந்தப் படியே வேண்டாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவள் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

"அந்த வீட்ட எனக்கே குடுத்துடுங்க சார்."

கதவோரத்திலிருந்து முனிரத்தினம் சொன்னார்.

"எங்கம்மாவுக்கு இழுப்பு. காத்து வர்ற வீடா இருந்தா நல்லதுதானே."

சிரித்துக்கொண்டே சொன்னார். யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று பழகிப்போன சிரிப்பு. எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வந்து நின்ற உடனேயே தெரிந்திருக்கும்.

அறையே மூச்சு விட்டது. சபாபதியின் கை செம்பை விட்டு விலகியது. "பாத்தீங்களா, அவரே கேக்கறாரு," என்றார். யாரோ காபி சொல்லலாமா என்று கேட்டார்கள். முதலாளி ஜன்னலிலிருந்து திரும்பினார்.

அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சபாபதியின் மேல் வந்ததைவிட முனிரத்தினத்தின் மேல் அதிகமாக வந்தது. அப்புறம் அதுவும் அடங்கியது. இத்தனை பேரையும் ஒரே சிரிப்பில் காப்பாற்றிவிட எத்தனை வருடம் பழகியிருப்பார்!

வரைபடத்தைச் சுருட்டச் சொல்லி முதலாளி கண்ணைக் காட்டினார்.

அவள் சுருட்டவில்லை.

"அது காத்துக்காக வெச்ச படி இல்ல சார்," என்றாள் முனிரத்தினத்திடம். "எதுக்குன்னு செயலாளர் சொல்லுவாரு."

சபாபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

முனிரத்தினத்தின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு மெல்லப் போயிற்று. போன பிறகுதான் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவர் கதவோரத்தை விட்டு உள்ளே வந்தார். சுவரோரம் கிடந்த ஒரு நாற்காலியைச் சபாபதிக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டார்.

உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார்," என்றார்.