முன்னால் நடப்பவர்

சாப்பாட்டு மேசையில் இருந்த தட்டுகளை ஒதுக்கிவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஊசுட்டேரியின் கரையை வரைந்தேன்.

"இவ்ளோ தூரமா? எனக்கு முட்டி வலிங்க" என்றாள் ஜோசெத்.

நிமிர்ந்து பார்த்தேன். என் மனைவி தினமும் காலைப் பூசைக்கு நடந்தே போய்வருகிறவள். வரும் வழியில் உப்பளம் கடைத்தெருவில் மீனும் வாங்கிக்கொண்டு, விலை அதிகம் என்று மீன்காரியோடு அரைமணி நேரம் நின்றுகொண்டே சண்டையும் போட்டுவிட்டு வருவாள். முட்டி வலி என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

அப்புறம்தான் விளங்கியது. பட்டாளத்துக்காரனுக்கு எதுவும் தாமதமாகத்தான் மண்டையில் ஏறும் என்று அவள் சொல்வது சும்மா இல்லை.

"ஆமாமா, உங்கம்மாவுக்குக் கொஞ்ச நாளாவே முட்டி சரியில்ல" என்றேன், ஜன்னல் பக்கம் பார்த்து.

ஜன்னலோரத்து நாற்காலியில் எங்கள் மகன் லொரான் உட்கார்ந்திருந்தான். மடியில் போர்வை. என்னதான் ஜனவரியாக இருந்தாலும் புதுச்சேரியில் பட்டப்பகலில் யாரும் போர்வை போர்த்துவதில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

எங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு; என்னைப் போலவே அவனும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தான். ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். போன செப்டம்பரில் வீடு திரும்பியவன் இன்றுவரை வாசல் கேட்டைத் தாண்டவில்லை.

முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் பதினொன்றாம் தேதி, கடற்கரையில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கு மெடல்களைக் குத்திக்கொண்டு போவது எங்கள் சொல்தாக்களின் வழக்கம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். லொரான் வரமாட்டேன் என்றுவிட்டான். நானும் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். எத்தனையோ வருஷத்தில் நான் போகாதது அந்த ஒரு தடவைதான்.

இப்படியே விட்டால் பிள்ளை அந்த நாற்காலியிலேயே கிழவனாகிவிடுவான் என்று ஜோசெத்துக்குப் பயம். எனக்கும்தான்.

அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைத் திட்டம். ஏரிக்கு வெளியூர்ப் பறவைகள் வந்திருக்கும் சமயம். போன வருஷம்தான் அதைச் சரணாலயம் என்று அறிவித்திருந்தார்கள். சின்ன வயதில் லொரானுக்குப் பறவை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம்.

முதலில் நோணாங்குப்பம் படகுத்துறை என்றுதான் நினைத்தோம். படகில் ஏறி இறங்குவது கஷ்டம் என்று ஜோசெத் அதைத் தள்ளிவிட்டாள்.

நேற்று ஸ்கூட்டரில் மூலக்குளம் தாண்டிப் போய், ஏரிக்கரையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு வந்திருந்தேன். மேடு பள்ளம் இல்லாத செம்மண் பாதை. தண்ணீருக்கு இறங்கும் படிக்கட்டுப் பக்கம் மட்டும் போகக்கூடாது. கொஞ்ச தூரத்தில் ஒரு மதகு. எல்லாவற்றையும் தாளில் குறித்தேன்.

"மதகு வரைக்கும் போதும். அதுக்கு மேல என்னால ஆவாது" என்றாள்.

"அப்ப நீதான் முன்னாடி நடக்கணும்."

அது என் இஷ்டத்துக்குச் சொன்னது அல்ல, பட்டாளத்தில் கற்றது. ஆப்பிரிக்காவில், ஜிபூத்தி மணலில் நாங்கள் நடக்கும்போது, கூட்டத்தில் யார் மெதுவோ அவனைத்தான் முன்னால் விடுவார்கள். மற்ற எல்லோரும் அவன் வேகத்துக்கு நடக்க வேண்டும். கடைசியில் விட்டால் அவன் பின்தங்குவது யாருக்கும் தெரியாது. லொரானுக்கும் இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

"சரி, நானே முன்னாடி போறேன். நீங்க ரெண்டு பேரும் பின்னால மெதுவா வாங்க" என்றவள், ஜன்னல் பக்கம் திரும்பினாள். "வர்றியாப்பா?"

அது வேறு குரல். முட்டி வலி நடிப்பெல்லாம் அதில் இல்லை.

நான் ஏற்கெனவே போட்ட கோட்டின் மேலேயே பென்சிலை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஜோசெத் துடைத்த மேசையைத் திரும்பவும் துடைத்தாள்.

"மதகுல உக்கார எடம் இருக்கா பப்பா?"

"இருக்கு. கட்டச் சுவரு. பக்கத்துலயே வேப்பமரம்."

அவன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் பார்த்தான். எங்கள் நாடகத்தின் சாயம் வெளுத்துவிட்டது என்று நினைத்தேன்.

"நீ வேணாம்மா. நான் முன்னாடி நடக்கறேன்."

ஜோசெத்தின் கையில் இருந்த துணி அப்படியே நின்றுவிட்டது.

"அந்தப் பைய எடு. ஞாயித்துக்கெழமைக்குள்ள பழகணும் இல்ல."

எந்தப் பை என்று அவள் கேட்கவில்லை. உள்ளே ஓடினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஒரே எட்டில் ஏறினாள். பரண் மேல் செப்டம்பரிலிருந்து கிடந்த நீளப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்து இறங்கினாள்.

அவன் முன்னால் வைத்து, புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து, ஜிப்பைத் திறந்தாள். போர்வையை லொரானே விலக்கினான்.

பையில் இருந்தது, பிரான்சு ஆஸ்பத்திரியில் அவனுக்கு அளவெடுத்துச் செய்துகொடுத்த வலது கால். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அதை அவன் வெளியே எடுக்கவே விட்டதில்லை.

வாரைப் பூட்டிவிடுவதற்காக ஜோசெத் தரையில் தொப்பென்று முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவாம்மா" என்றான் லொரான். "முட்டி வலிக்கப் போவுது."